கஸ்த்ரா: ஒரே பாசறைக்கு ஏன் பன்மை? லத்தீன் படைச்சொல் ஒன்றின் வேரும் இலக்கணமும்

#1 மருதநிலத்தான்

லத்தீனில் பாசறைக்கு 'கஸ்த்ரா' என்கிறார்கள். சின்னச் சொல்தான், ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் இடிக்கிறது. பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட நாலு வரியைக் கீழே போடுகிறேன். முதல் இரண்டும் தப்பு என்று தெரியும், காரணம் தெரியவில்லை. பின்னிரண்டும் சீசர் எழுதியவை, பொருள் பிடிபடவில்லை.

1. கஸ்த்ரா மக்னா எஸ்த். (பாசறை பெரியது)
2. துவோ கஸ்த்ரா விதேமுஸ். (இரண்டு பாசறைகளைக் காண்கிறோம்)
3. கஸ்த்ரீஸ் இதோனெயும் லொகும் தேலேகித். (பாசறையிலிருந்து தகுந்த இடத்தைத் தேர்ந்தான்?)
4. த்ரீனீஸ் கஸ்த்ரீஸ் பொதியுன்துர். (மூன்று பாசறைகளுக்கு... ஏதோ செய்கிறார்கள்?)

இன்னொன்று. காயடித்தலைக் குறிக்கும் 'கஸ்த்ராரே'யும் இதுவும் ஒரே வேரா, வெறும் ஒலி ஒற்றுமையா?

#2 ஏழாம்வேற்றுமை

முதல் வரியிலிருந்து வருகிறேன். 'கஸ்த்ரா' ஆ-வில் முடிவதைப் பார்த்து முதல் விகுதிமுறைப் (லத்தீன் பெயர்கள் வேற்றுமை ஏற்கும் வகைகளில் முதலாவது) பெண்பால் ஒருமை என்று எடுத்துக்கொண்டீர்கள். எல்லாரும் விழும் குழி இது. 'மக்னா'வும் அதே உருவத்தில் வருவதால் தப்பு வெளியே தெரிவதில்லை. வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும்.

இது இரண்டாம் விகுதிமுறை, அஃறிணைப்பால், பன்மை. எழுவாய் கஸ்த்ரா, செயப்படுபொருள் கஸ்த்ரா, உடைமை கஸ்த்ரோரும், கொடை (நம் 'கு') கஸ்த்ரீஸ், நீங்கல் (நம் 'இலிருந்து') கஸ்த்ரீஸ். பாசறை ஒன்றே ஆனாலும் வினை பன்மைதான்: கஸ்த்ரா மக்னா சுன்த். 'பாசறை அமைக்கப்பட்டது' என்பதற்கு கஸ்த்ரா பொசிதா சுன்த்.

தமிழ்க்காரர்களுக்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு. 'மாடுகள் வந்தன' என்று எழுதினாலும் வாயில் 'மாடுங்க வந்துச்சு'தான். அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை போடுவது நமக்குக் கூச்சமே இல்லாத பழக்கம். கிரேக்கத்திலும் அப்படித்தான், அஃறிணைப்பால் பன்மை எழுவாய்க்கு ஒருமை வினை வரும். லத்தீன் விடாது. சுன்த் என்றால் சுன்த்தான்.

சொல்லின் ஒருமை 'கஸ்த்ரும்' இருக்கிறது, ஆனால் பொருள் வேறு: கோட்டை, அரணிட்ட சிற்றூர். பெரும்பாலும் ஊர்ப்பெயரில்தான் தலைகாட்டும், 'கஸ்த்ரும் நோவும்' மாதிரி. தொல்லியல் நூல்களில் பாசறையையே 'கஸ்த்ரும்' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. சீசரிடமோ வரலாற்றாசிரியர் லிவியிடமோ அதைத் தேடாதீர்கள்.

இரண்டாவது வரி இங்கேதான் உடைகிறது. வடிவம் ஏற்கெனவே பன்மை. அதில் 'துவோ'வைக் கொண்டுபோய் வைத்தால், ரோமானியன் காதில் 'இரண்டு கஸ்த்ரும்', அதாவது இரண்டு கோட்டைகள் என்று விழும். பன்மை உருவில் மட்டுமே ஒரு பொருள் தரும் பெயர்களை எண்ண அவர்கள் பகிர்வெண்களைக் கையில் எடுத்தார்கள். நம் இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு இருக்கிறதே, அந்த வகை எண்கள். பீனா கஸ்த்ரா என்றால் இரண்டு பாசறை. மூன்றுக்கு மட்டும் 'த்ரீனா'. 'தெர்னா' என்றால் ஆளுக்கு மும்மூன்று என்று போய்விடும். ஒன்றுக்கு 'ஊனா', அதுவும் பன்மை உருவில்.

கடிதத்துக்கும் இதே கதை. 'துவாய் லித்தெராய்' இரண்டு எழுத்துகள், 'பீனாய் லித்தெராய்' இரண்டு கடிதங்கள்.

உள்நாட்டுப் போர் பற்றிய சீசரின் நூலில் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. கி.மு. 49, ஸ்பெயினில் இலெர்தா. எதிரெதிர்ப் படைகளின் வீரர்கள் தெரிந்தவர்களைத் தேடி ஒருவர் பாசறைக்குள் ஒருவர் போய்வருகிறார்கள். 'பீனா'வாக இருந்தது 'ஊனா கஸ்த்ரா' ஆகிவிட்டதுபோல் தோன்றியது என்கிறார். ஊனா, பீனா இரண்டும் ஒரே வரியில், அதுவும் காரணத்தோடு. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தால் விதியைத் தனியாகப் படிக்க வேண்டாம்.

மூன்றும் நான்கும் பிறகு. முதலில் யாராவது வேரைச் சொல்லட்டும்.

#3 வேர்தேடி

கஸ்த்ராரேயும் இதுவும் ஒரே வேர்தான் என்பது பெரும்பாலோர் முடிவு. லத்தீன், வடமொழி முதலியவற்றின் மூலமொழியான முந்து இந்தோ-ஐரோப்பியத்தில் 'வெட்டு' எனப் பொருள்படும் *கெஸ் (உடுக்குறி, ஊகித்து மீட்ட வடிவம் என்பதற்கு). அதோடு -த்ரோ என்ற விகுதி. வெட்டிப் பிரித்த துண்டு, பிரித்து ஒதுக்கிய நிலம் என்பது மூலப்பொருள்.

இதே வேரும் இதே விகுதியும் சேர்ந்த சொல் வடமொழி வழியாக நம்மிடமும் இருக்கிறது: சஸ்திரம். வெட்டும் கருவி. பழைய ககரத்தின் ஒரு வகை லத்தீனில் ககரமாகவே நின்றுவிட, வடமொழியில் சகரமாகிவிட்டது. நூறுக்கு அங்கே கென்தும், இங்கே சதம். பத்துக்கு அங்கே தெகெம், இங்கே தசம். அந்த வரிசையில் கஸ்த்ரும், சஸ்திரம். விகுதியும் தெரிந்த ஆள்தான்: பாத்திரம் (குடிப்பதற்கானது), யந்திரம், மந்திரம் மூன்றிலும் வால் அதுவே. லத்தீனில் அராத்ரும் (உழுவதற்கானது, ஏர்), கிளவுஸ்த்ரும் (அடைப்பதற்கானது, தாழ்).

எறிவது அஸ்திரம், கையில் பிடித்து வெட்டுவது சஸ்திரம் என்று பிரிப்பார்களே, அந்தப் பிரிவே வேரில் இருக்கிறது. முன்னது 'அஸ்', எறி. பின்னது 'சஸ்', வெட்டு.

லத்தீனுக்குள் உறவினர் யார் யார் என்று பார்க்க ஒரு ஒலிவிதி தெரிய வேண்டும். பழைய லத்தீனில் இரு உயிர்களுக்கு நடுவே மாட்டிய ஸகரம் ரகரமாகும். மெய்க்கு முன் இருந்தால் தப்பித்துவிடும். கெரோ (சுமக்கிறேன்), கெஸ்துஸ் (சுமக்கப்பட்டது). ஊரோ (எரிக்கிறேன்), ஊஸ்துஸ் (எரிக்கப்பட்டது). அதே கணக்கில் கரேரே, 'இல்லாமல் இருத்தல்', பழைய *கஸ்-ஏ-யிலிருந்து வந்தது: வெட்டுண்டு விலகி நிற்பது. ஸகரம் தகரத்துக்கு முன் நின்ற இடத்தில் கஸ்துஸ் (தூயவன், குற்றத்திலிருந்து விலகியவன்), கஸ்த்ராரே, கஸ்த்ரும்.

வேரில் எகரம், சொல்லில் அகரம் ஏன் என்று கேட்பீர்கள். உயிர் கழன்ற வடிவில் மெய்கள் நெருக்கியடித்தபோது லத்தீன் ஓர் அகரத்தைச் செருகியது என்பதே வழக்கமான விளக்கம். 'நாலு' என்பதற்கான குவத்துவோரிலும் இதே அகரம்.

பழங்காலத்து வேர்விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். கி.பி. 636இல் இறந்த செவில் ஆயர் இசிதோர், பாசறையில் காமம் வெட்டப்படுவதால், அல்லது அது 'கஸ்தா' (தூயது) என்பதால், இந்தப் பெயர் என்றார். சொற்களை இனம் கண்டதில் மனிதர் தற்செயலாகச் சரி. காரணம் சொன்னதில் சறுக்கிவிட்டார்.

#4 மருதநிலத்தான்

அப்படியானால் பல கூடாரங்கள் இருப்பதால் பன்மை, சரியா?

#5 வேர்தேடி

கூடாரத்தை விட நிலம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. லத்தீனின் அக்கம்பக்கத்து மொழிகளைப் பாருங்கள். உம்பிரியன் மொழியில் இகுவியப் பலகைகள் என்ற வெண்கலச் சடங்குக் கல்வெட்டின் வேண்டுதலில் ஆட்கள், கால்நடை, விளைச்சல் என்று போகும் பட்டியலுக்கு நடுவே 'கஸ்த்ருவோ' வருகிறது. வயல், நிலம் என்று பொருள் கொள்வதே வழக்கம். ஆஸ்கன் மொழியில் பன்தியாப் பலகை என்ற சட்டப் பொறிப்பிலும் இதன் உறவுச்சொல் இருக்கிறது, அங்கும் படைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆக முதலில் இது உழவன் சொல், அல்லது நிலம் அளப்பவன் சொல். அளந்து பிரித்த மனைகள் பல சேர்ந்தது பாசறை என்று கொண்டால் பன்மை இயல்பாக வந்து அமர்கிறது. இது என் ஊகம், நிறுவப்பட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லத்தீன் படைச்சொற்களில் இப்படிப் பன்மையிலேயே புழங்குபவை பல: ஆர்மா (ஆயுதங்கள்), இன்சிதியாய் (பதுங்கித் தாக்குதல்), எக்ஸ்குபியாய் (காவல்). 'கோபியா' ஒருமையில் வளம், பன்மையில் 'கோபியாய்' என்றால் படைகள். இதைக் கவனிக்காமல் மொழிபெயர்த்தால் தளபதி 'வளங்களை' ஆற்றைக் கடக்க வைப்பார்.

#6 யாழ்வாசகன்

எங்கட பக்கம் அறுவைச்சிகிச்சைக்குச் சத்திரசிகிச்சை எண்டுதான் ஆஸ்பத்திரிப் பலகையிலயும் இருக்கும். அது இந்தச் சஸ்திரம்தானே?

#7 வேர்தேடி

அதுவேதான். சஸ்திரத்தின் தமிழ் உச்சரிப்பு சத்திரம். ஆனால் வழிப்போக்கர் தங்கும் சத்திரம் வேறு வேர், சாத்திரம் இன்னொரு வேர் ('சாஸ்', கற்பி). மூன்றையும் ஒரே சட்டியில் போடாமல் இருந்தால் போதும்.

#8 குழிக்கோல்

வேர் நிலஅளவுக்குப் போவதால் அந்தப் பக்கமிருந்து கொஞ்சம். இந்தச் சொல்லோடு எந்த வினை வருகிறது என்பதில்தான் பொருளே இருக்கிறது.

கஸ்த்ரா மேதாரி: அளந்து குறித்தல். படை வருமுன் போகும் ஆள் 'மேதாதோர்'. குறுக்குக் கட்டையின் நான்கு முனையிலும் குண்டுநூல் தொங்கும் 'க்ரோமா' என்ற கருவியை நட்டுச் செங்கோணம் எடுப்பார்கள். பலத்த காற்று அடித்தால் நூல் ஆடும், கோணம் பிசகும். இதுதான் அந்தக் கருவியின் பலவீனம்.

கஸ்த்ரா மூனீரே: அரணிடுதல். வட கால்லியாவின் பெல்கியர்மேல் போனபோது சீசர் இட்ட கட்டளை 12 அடி உயர மதில், 18 அடி அகழி. ரோம அடி சுமார் 29.6 செ.மீ., ஆக மதில் 3.5 மீட்டருக்குச் சற்று மேல், அகழி 5.3 மீட்டர். அகழியை மட்டும் வெட்டி மண்ணை வெளியே கொட்டினால் வேலை வீண். தோண்டிய மண் உள்பக்கம் விழ வேண்டும், அதுதான் மதில். இரண்டும் ஒரே உழைப்பு, அதனாலேயே 'வல்லோ ஃபொஸ்ஸாக்வே' (மதிலாலும் அகழியாலும்) என்று ஜோடியாக வருகிறது. மதிலுக்கான 'வல்லும்' என்ற சொல்லே அதன் மேல் நடும் கழியான 'வல்லுஸ்' என்பதிலிருந்து வந்தது.

கஸ்த்ரா போனெரே: நேர்ப்பொருள் 'வைத்தல்', கட்டுதல் இல்லை. தமிழில் 'பாளையம் இறங்குதல்' அப்படியே பொருந்தும், விவிலியத் தமிழ் வாசித்தவர்களுக்குப் பழகிய தொடர். கஸ்த்ரா மொவேரே: பாளையம் பெயர்தல். பெரும்பாலான இடங்களில் 'படை புறப்பட்டது' என்று எழுதினால் போதும். 'பாசறையை நகர்த்தினான்' என்று எழுதினால் ஏதோ சக்கரம் வைத்துத் தள்ளியதுபோல் இருக்கிறது.

ஒரு நாள் நடை, ஒரு பாசறை என்பதால் பாசறையே தூரத்துக்கு அளவானது. சீசர் 'குவின்தீஸ் கஸ்த்ரீஸ்' கெர்கோவியாவை (கால்லியாவின் ஒரு மலைக்கோட்டை ஊர்) அடைந்தார் என்றால் ஐந்தாம் நாள் நடையில் அடைந்தார். பகிர்வெண் இல்லாமல் இங்கே வரிசையெண் வருவதைக் கவனியுங்கள். பாசறைகளை எண்ணவில்லை, எத்தனையாவது என்றுதான் சொல்கிறார்.

மனை அளவும் கையோடு: பாசறை அமைப்பு பற்றி ஹிஜீனுஸ் பெயரில் வழங்கும் சிறு நூலில் ஒரு கூடாரத்துக்குப் 10 அடி, கயிறு இழுத்துக் கட்ட 2 அடி கூடுதல், உள்ளே 8 ஆட்கள். மூன்று மீட்டர் அறையில் எட்டுப் பேர். அந்தக் கூடாரத்தின் பெயர் 'பாபிலியோ', வண்ணத்துப்பூச்சி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சேப்பாக்கத்தில் மட்டையாளர் திரும்பி நடக்கும் 'பெவிலியன்' ஆகி நிற்கிறது.

#9 ஏழாம்வேற்றுமை

குழிக்கோல் சொன்னதோடு ஒட்டி: ஹீபெர்னா (குளிர்காலப் பாசறை), அய்ஸ்தீவா (கோடைப் பாசறை), ஸ்ததீவா (நிலைப்பாசறை) மூன்றும் உண்மையில் பெயரடைகள். 'கஸ்த்ரா' விழுங்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் அவையும் அஃறிணைப்பால் பன்மை, அவற்றையும் பீனா, த்ரீனா போட்டே எண்ண வேண்டும்.

#10 கல்வெட்டுக்காரி

ஊர்ப்பெயருக்கு வரலாம். விழுங்கப்பட்ட கஸ்த்ரா அங்கேயும் உண்டு. ஜெர்மனியின் சான்டன் அருகே இருந்த பாசறை 'வெதெரா', 'பழையவை'. எவை என்று கேட்டால் கஸ்த்ரா.

ரேகன்ஸ்பர்கின் ரோமப் பெயர் கஸ்த்ரா ரெகீனா. 'அரசியின் பாசறை' என்று பலர் எழுதிவிடுகிறார்கள், தப்பு. பக்கத்தில் ஓடும் ரேகன் ஆற்றின் பெயர் அது. கி.பி. 179இல் எழுந்தது, வாயிலில் வைத்த கட்டுமானக் கல்வெட்டின் பகுதி கிடைத்திருக்கிறது.

ரோமில் திபேரியுஸ் பேரரசரின் மெய்க்காவல் தலைவன் செயானுஸ் மெய்க்காவல் படையை ஒரே இடத்தில் குவித்த முகாம் கஸ்த்ரா பிராய்தோரியா. இன்று அங்கே மெட்ரோ நிலையத்தின் பெயர் 'காஸ்த்ரோ பிரெதோரியோ', ஒருமையாகிவிட்டது. அந்த ஒருமைதான் பிடல் காஸ்ட்ரோவின் குடும்பப்பெயரிலும் இருப்பது. அவர் தந்தை ஸ்பெயினின் கலீசியாக்காரர், அங்கே பழைய குன்றுக்கோட்டைகளை இன்றும் 'காஸ்த்ரோ' என்பார்கள்.

இங்கிலாந்தில் பழைய ஆங்கில வாய்க்குள் போய் மூன்று விதமாக வெளியே வந்தது. மான்செஸ்டர், வின்செஸ்டரில் சகரம். லங்காஸ்டர், டோன்காஸ்டர் என வடக்கில் ககரம். க்ளாஸ்டர், லெஸ்டரில் எழுத்து மட்டும் மிச்சம், ஒலி பாதி போய்விட்டது.

கிழக்கே போனது இன்னும் சுவை. கிரேக்கத்தில் காஸ்த்ரோன், அங்கிருந்து அரமேயம், அங்கிருந்து அரபியில் 'கஸ்ர்', அரண்மனை. 'அல்' சேர்த்து ஸ்பெயினுக்குத் திரும்பியபோது அல்காசர். எகிப்தின் லக்சர், அரபியில் அல்-உக்சுர், இந்தக் 'கஸ்ர்' என்பதன் பன்மை. அங்குள்ள பழைய கோயிலைச் சுற்றி ரோமர்கள் பாசறையே அமைத்திருந்தார்கள். இத்தனை மொழி சுற்றியும் பன்மை அவ்வூரில் மறுபடி வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

உடைமை வேற்றுமை கல்வெட்டுகளில் நிறைய வரும்: ப்ராய்ஃபெக்துஸ் கஸ்த்ரோரும் (பாசறைத் தலைவர், லெகியோன் என்ற ரோமப் படைப்பிரிவில் மூன்றாம் நிலை அதிகாரி), மாதெர் கஸ்த்ரோரும் (பாசறையின் தாய், பேரரசர் மார்க்குஸ் அவுரேலியுஸின் மனைவி ஃபவுஸ்தினாவுக்குத் தந்த பட்டம்). 'பாசறைகளின் தாய்' என்று பன்மையில் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பன்மை இலக்கணத்தின் தேவை, எண்ணிக்கை இல்லை.

#11 மலைநாடன்

வேல்ஸில் ஊர்ப்பெயர்களில் வரும் 'கயெர்' இதிலிருந்துதானே? கோட்டை என்றுதான் பொருள்.

#12 கல்வெட்டுக்காரி

பழைய நூல்களில் அப்படி இருக்கும். இப்போது பெரும்பாலோர் ஏற்பதில்லை. வேலி, அடைப்பு என்று பொருள்படும் கெல்டிக் சொல்லோடுதான் சேர்க்கிறார்கள். ரோமப் பாசறை இருந்த இடங்களுக்கும் அந்தப் பெயர் வைத்ததால் வந்த குழப்பம்.

#13 மருதநிலத்தான்

எல்லாருக்கும் நன்றி. ஒரு ஐயம் இன்னும் விடவில்லை. கஸ்த்ரா பெண்பால் ஒருமையாக எங்குமே வராதா? தேர்வில் யாராவது அப்படி ஒரு வரி கொடுத்தால்?

#14 ஏழாம்வேற்றுமை

வரும், ஆனால் அபூர்வம். அக்கியுஸ் என்ற பழைய நாடகாசிரியரின் துண்டு வரி ஒன்றில் 'கஸ்த்ரா ஹாய்க் வெஸ்த்ரா எஸ்த்' என்று இருக்கிறது, 'இந்தப் பாசறை உங்களுடையது'. எஸ்த் என்பதால் ஐயமே இல்லை, ஒருமை. பிற்கால இலக்கணக்காரர் ஒருவர் இதை விசித்திரம் என்று எடுத்து வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது.

இதற்கு ஆழமான பின்னணி உண்டு. அஃறிணைப்பால் பன்மையின் -ஆ தொடக்கத்தில் பன்மையே இல்லை, தொகுதிப்பெயர் விகுதி. பெண்பால் -ஆவும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கத்தில் ஒருமை வினை வருவதற்கும் அதுவே காரணம். லத்தீன் தளர்ந்த காலத்தில் பழையபடி பல சொற்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன: 'இலைகள்' என்ற ஃபோலியா இத்தாலியத்தில் 'ஃபோல்யா', ஒரே இலை, பெண்பால். ஆக உங்கள் முதல் வரி தப்புதான், ஆனால் துணைக்கு ஆள் இருக்கிற தப்பு.

இப்போது 'கஸ்த்ரீஸ்'. கொடைக்கும் நீங்கலுக்கும் ஒரே வடிவம் என்பதால் பக்கத்துச் சொல்லைத்தான் கேட்க வேண்டும். 'இதோனெயுஸ்' (தகுந்த) என்ற பெயரடை 'எதற்கு' என்று கொடை கேட்கும். 'பொதியோர்' (கைப்பற்று) என்ற வினை நாம் 'ஐ' உருபு போடும் இடத்தில் நீங்கல் கேட்கும். இவை இரண்டும் இல்லாமல் மூன்றாவதும் உண்டு: ஜெர்மானிய அரசன் அரியோவிஸ்துஸ் படையை 'கஸ்த்ரீஸ் கொன்தினுயித்' என்றால் பாசறைக்குள்ளேயே வைத்திருந்தான், முன்னிடைச்சொல் இல்லாத நீங்கல். போகும்போது மட்டும் 'இன் கஸ்த்ரா'. 'இன்' பக்கத்தில் கஸ்த்ரா என்றால் உள்ளே நுழைகிறான், கஸ்த்ரீஸ் என்றால் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான்.

நாலு வரியையும் திருத்திப் போடுங்கள், பார்க்கலாம்.

#15 மருதநிலத்தான்

1. கஸ்த்ரா மக்னா சுன்த். பாசறை பெரியது.
2. பீனா கஸ்த்ரா விதேமுஸ். இரண்டு பாசறைகளைக் காண்கிறோம்.
3. பாசறைக்குத் தகுந்த இடத்தைத் தேர்ந்தான்.
4. மூன்று பாசறைகளைக் கைப்பற்றினார்கள்.

#16 ஏழாம்வேற்றுமை

நான்கும் சரி. ஒரு திருத்தம்: நாலாவதில் வினை நிகழ்காலம், 'கைப்பற்றுகிறார்கள்'. சீசர் விறுவிறுப்புக்காக இறந்தகாலக் கதையில் நிகழ்காலத்தைச் செருகும் இடம் அது. தமிழில் 'கைப்பற்றினார்கள்' என்று எழுதினால் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த வரியையும் வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நடுப்பகல், கெர்கோவியா மலைச்சரிவு, கி.மு. 52. கூடாரத்தில் ஓய்ந்திருந்த தெவுதோமதுஸ் என்ற அரசன் மேலாடை இல்லாமல், காயம்பட்ட குதிரையில், கொள்ளையடிக்கும் வீரர்கள் கையிலிருந்து மயிரிழையில் தப்பி ஓடுகிறான். அவ்வளவு வேகத்தில் விழுந்த பாசறைகள் அவை. நானாக இருந்தால் நிகழ்காலத்தையே வைத்துக்கொள்வேன்.